ஒன்றரைச் சுற்று

சின்ன மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு பயணப் பையும் ஒரு சின்னப் போத்தலும் இருந்தன. மூக்குக்குச் சொட்டு மருந்து விடும் பிளாஸ்ரிக் போத்தல் அது. அதன் வாயில் ஊசி போன்ற மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியிருந்தார். சண்டையால் அங்கே பெற்றோலுக்குத் தடை என்பதால் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயை மட்டும் நம்பி உதைத்தால் எஞ்சின் பிடிக்காது. காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சிய பிறகே உயிர் வரும். அந்த நாலு சொட்டைக் கொண்டு திரிவதற்குத்தான் போத்தல். கொழும்பில் சந்திக்குச் சந்தி பெற்றோல் செட் இருந்தும் மாமா அதைக் கைவிடவில்லை. அம்மா இரண்டு முறை குப்பைக்குள் போட்டார். இரண்டு முறையும் அது எப்படியோ மாமாவின் சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது.

நாலைந்து மாதம் கழித்து, தெமட்டகொடையில் ஒரு கராஜிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். சேற்றிலும் மண்மேட்டிலும் பாய்ந்து ஓடுவதற்கென்று செய்த சாதி. கைபிடி மாட்டுக் கொம்பு போல அகன்றிருந்தது. நான் அதன் மேல் ஏற ஒரு கதிரை வேண்டும்.

“இதில ஏறி எந்தக் காட்டுக்கடா போகப்போறாய்?” என்று அம்மா கேட்டார்.

“மலிவு, அக்கா,” என்றார் மாமா.

மலிவுக்குக் காரணம் இருந்தது. அதில் பூட்டியிருந்தது வேறு ஏதோ மோட்டார் சைக்கிளின் காபரேட்டர். காற்றும் பெற்றோலும் என்ன அளவில் கலக்கவேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகாணி வெளியே பார்த்தபடி இருக்கவேண்டியது. இதில் அது உள்ளே, பிரேம் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவின் கை அந்த இடுக்குக்குள் போகாது. காபரேட்டரைக் கழற்றித் திருப்பலாம்தான், ஆனால் கழற்றினால் எஞ்சின் ஓடாது. எஞ்சின் ஓடாவிட்டால் சத்தம் கேட்டு அளவு பார்க்க முடியாது. ஆகவே அவருக்கு என்னுடைய விரல்கள் தேவைப்பட்டன. எனக்கு அப்போது பத்து வயது. ‘தள்ளி நில், பிள்ளை’ என்பதைத் தவிர வேறு எதற்கும் அந்த வீட்டில் யாரும் என்னை அழைத்ததாக நினைவில்லை.

பின்னேரங்களில் கடலைப் பார்த்துப் போகும் எங்கள் ஒழுங்கையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்குவார். பிடி உடைந்த ஸ்குரூ ட்ரைவர் துண்டை விரல்களுக்கிடையில் பிடித்து நான் உள்ளே விடுவேன். திருகாணியை முதலில் முட்டும்வரை உள்ளே திருப்பவேண்டும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அதன்பிறகு கால் சுற்று அங்கால், கால் சுற்று இங்கால். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “பொறு, ரயில் போகட்டும்,” என்பார். ரயில் போய் முடியும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். காற்று கூடினால் எஞ்சின் பட்டென்று வெடிக்கும். வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிடும். பெற்றோல் கூடினால் கறுத்தப் புகை வரும், வீணாய்ப் போகும் பெற்றோலை நினைத்து மாமாவின் முகமும் கறுக்கும். கடைசியில், “இப்ப சரி. இனித் தொடாத,” என்பார்.

அந்த ‘இனித் தொடாத’வைத்தான் நான் கேட்கவில்லை.

கனடாவில் இருந்த பெரிய மாமா, சின்ன மாமாவை அங்கே எடுப்பதற்கு எழுதிப் போட்டு ஒன்றரை வருடம் கழித்து, கொள்ளுப்பிட்டியில் இருந்த ஒரு தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணிக்கு. அம்மா கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதார். “இவன் வெளியில போயிட்டு வாறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கிறேல்ல. எங்கயாவது போய்ச் சேரட்டும்,” என்று அப்பாவிடம் சொன்னார். அந்த நாட்களில் இளம் தமிழ்ப் பெடியன்களைத் தெருவில் பிடித்தால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதெல்லாம் காதில்தான் விழுந்தது. மாமா போய்விடுவார் என்பது மட்டுமே மனதில் நின்றது. அவர் போனால் என் விரல்களுக்கு வேலை இல்லை.

நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம் இருவருமாகக் கடைசியாக ஒருமுறை அளவு பார்த்தோம். மாமா குளிக்கப் போனதும் நான் மறுபடி கையை விட்டு, காற்று கூடும்படி இரண்டு முழுச் சுற்று வெளியே திருப்பினேன். வண்டி பிடிக்காது, மாமா போகமாட்டார், அவ்வளவுதான் என் திட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளுக்கு அப்பா கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களே, தூதரகமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

விடிந்ததும் மாமா உதைக்கும் சத்தம் கேட்டது. பதினொரு உதை வரைக்கும் எண்ணினேன்.

“அக்கா, பிள்ளை எழும்பிட்டாளோ?”

“இன்னும் இல்லை. எழுப்பட்டே?”

“வேண்டாம், படுக்கட்டும்.”

நான் போர்வைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். ஓட்டோவில் போகும்படி அப்பா சொன்னார். “ஓட்டோவை எல்லா இடத்திலயும் மறிப்பாங்கள், அத்தான்,” என்றார் மாமா. பிறகு கொஞ்சநேரம் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த உதையில் எஞ்சின் பிடித்துவிட்டது. போத்தலை எடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அந்தப் போத்தல் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேகத்தைக் குறைக்காமலே மாமா காலி வீதிப் பெருந்தெருப் பக்கம் போனார்.

நடந்ததைப் பிறகு அப்பா சொல்லித்தான் அறிந்தேன். பாலத்தடியில் இருந்த சோதனைச் சாவடியில் எல்லோரும் வேகத்தைக் குறைக்கவேண்டும். மாமா குறைத்தார். எஞ்சின் பட்டென்று ஒருமுறை வெடித்து நின்றுவிட்டது. வெடிச் சத்தத்துக்கே ஆமிக்காரரின் இரண்டு துவக்குகள் மாமாவின் பக்கம் திரும்பிவிட்டன. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சட்டைப் பைக்குள் ஊசிக் குழாய் செருகிய போத்தல், அதற்குள் பெற்றோல். “மேக்க மொகத்த?” என்று கேட்டிருக்கிறார்கள். மாமாவின் சிங்களம் கடையில் பாண் வாங்கக் காணும். இது என்ன என்று கேட்பவனுக்கு அந்தப் போத்தலை விளங்கப்படுத்தக் காணாது. வண்டியோடு அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்த துண்டை எடுத்துக்கொண்டு, சிங்களவரான வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அப்பா அலைந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் மாமாவை விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. “வழுக்கி விழுந்திட்டன்,” என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். தூதரகத்துக்கு அப்பா ஐந்தாறு கடிதம் எழுதினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, இனி எதுவும் செய்வதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமா வீட்டில் இருந்தார்.

வண்டி ஏன் நின்றது என்று அம்மா கேட்டபோது, “ஸ்குருவை நான்தான் அவசரத்தில பிழையாத் திருப்பிப்போட்டன், அக்கா,” என்றார் மாமா. அம்மா ஒரு கிழமை முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நானும் குனிந்துகொண்டுதான் சாப்பிட்டேன், ஆனால் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியோடு.

மாமா வீடு வந்து ஒரு மாதம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாமா அதை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உன்ர விரலைக் கொண்டு வா. முதல் உள்ளுக்குத் திருப்பு. எத்தினை சுத்து எண்டு எண்ணிச் சொல்லு.”

திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றரையில் முட்டியது.

“ஒண்டரை,” என்றேன்.

கால் சுற்றின் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் மனிதர் என் கை திரும்பியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “ஓம், ஒண்டரை,” என்றார். “சரி, இப்ப ஒண்டரை வெளியால எடு.”

மாமா பிறகு எங்கும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். கனடாவுக்குப் போனது நான்தான். அதே கட்டடத்தில் எனக்கும் நேர்முகம் நடந்தது. அதே மோட்டார் சைக்கிளில் மாமாதான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். பாலத்தடியில் வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் நிற்கவில்லை. 

பல வருடம் கழித்து ஒருநாள் தொலைபேசியில், “மாமா, அந்த ஸ்குரு…” என்று தொடங்கினேன். பெற்றோல் விலை ஏறிய கதையை அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். அவரை மறித்து நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன வருடம் அவர் இறந்துபோனார். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

அம்மா இன்றைக்கும் விடுவதில்லை. “அவசரக்காரன். அண்டைக்கு அதைத் தொடாமல் விட்டிருந்தா அவன்ர சீவியமே வேற,” என்பார். நான் “ஓம் அம்மா,” என்பேன். மாமாவின் கை அந்த இடுக்குக்குள் போகாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்து வயதிலும் தெரியும். ஆனால் ‘நான்தான் திருப்பினன்’ என்று மாமா சொன்னபோது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்தேன்.