துள்ளல் தொடங்கும் இடம்

மன்னார்க் கரையில், ஓலைத்தொடுவாய் ஊர்ப் பஸ்ரியன் சங்கு குளித்துத்தான் வாழ்ந்தார். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிற காலம் வந்த பிறகும் அவருக்கு அது பிடிக்கவில்லை. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, நெஞ்சு நிறைய மூச்சு. அவ்வளவுதான் அவருடைய தொழில்.

கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் நின்று டொமினிக் பிடிப்பார். டொமினிக், பஸ்ரியனின் மனைவி அருளம்மாவின் தம்பி. குளிக்கிறவருக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அக்கா தாலியறுக்கும்படி எவனும் கை தளர மாட்டான் என்பது அதன் நியாயம். கயிறு தளர்ந்தால் அவர் அடியைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் தூக்க வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் டொமினிக் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார். அங்கேயே தங்கிவிட்டார். சில வருடங்களில் அருளம்மாவைப் புற்றுநோய் கொண்டுபோனது. அதன் பின் பஸ்ரியன் கயிற்றை வள்ளத்தின் குறுக்குக் கட்டையில் முடிந்துவிட்டு இறங்கினார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு, கட்டைக்கு நித்திரை வராது என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரே மகள் எடித். மன்னார்க் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்து, பொறியியல் முடித்து, கொழும்பில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய வேலை இதுதான். சிலருக்கு இதயம் திடீரென்று தாளம் தப்பி ஓடும், துள்ளல் என்பார்கள். எங்கோ ஒரு புள்ளி வேண்டாத நேரத்தில் மின்துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, இதயச் சுவரை அங்கங்கே தொட்டுப் பார்ப்பார் வைத்தியர். தொட்ட ஒவ்வொரு இடத்துக்கும் துடிப்பு எந்தக் கணத்தில் வந்தது என்று கணினி குறித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முந்தி வந்த இடம் திரையில் சிவக்கும். அதுதான் ஊற்று. அதைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது. கணினிக்கு முன்னால் இருந்து அந்தச் சிவப்பைத் தேடுகிறவள் எடித்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பாள். காற்று எப்படி, என்ன கறி என்பதோடு பேச்சு முடியும். வள்ளத்தில் ஏறும்போது அவர் மயங்கி விழுந்ததைச் சொன்னவர் வள்ளத்துச் சொந்தக்காரர், பக்கத்துத் தாராபுரத்து ஜவாஹிர்.

“பிள்ளை, உங்கட அப்பாக்குச் சாகப் பயமில்லை. உங்களுக்குச் சொல்லத்தான் பயம்” என்றார்.

எடித் போய்த் தன் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள். பார்த்த வைத்தியர், அவருக்கும் துள்ளல்தான், இது தீராமல் கடலுக்குப் போகக்கூடாது, தண்ணீருக்கு அடியில் மயங்கினால் முடிந்தது என்றார். வெளியே வந்ததும் பஸ்ரியன் மகளிடம் கேட்டார்.

“கடலுக்குப் போகாட்டில் நான் அந்த வீட்டில என்ன செய்யிறது?”

எடித் சிகிச்சைக்கு நாள் குறித்தாள்.

மயக்க மருந்து துள்ளலை அடக்கிவிடும் என்பதால் அவரை விழிப்பாகவே படுக்க வைத்தார்கள். எடித் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாள். துள்ளலை வரவழைக்கும் மருந்தை ஏற்றினார்கள். வந்தது. வைத்தியர் நாலைந்து இடம் தொடுவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி வரவழைத்தார்கள், மறுபடி நின்றது. பிறகும் அப்படியே. ஓடாத துள்ளலுக்கு ஊற்றுத் தேட முடியாது. இன்னொரு தரம் பார்ப்போம், இல்லாவிட்டால் கம்பியை எடுத்துவிடுவோம் என்றார் வைத்தியர்.

எடித் பதிவைப் பின்னால் ஓட்டினாள். திரையின் அடியில், யாரும் கவனிக்காத ஒரு கோடு, நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டுவது. ஒவ்வொரு முறையும் துள்ளல் நிற்பதற்குச் சற்று முன் அந்தக் கோடு நேராகக் கிடந்தது. சிறுவயதில் வள்ளத்து விளிம்பில் இருந்து அவள் பார்த்த கடல் அப்படித்தான் கிடந்தது, அப்பா கீழே போன பிறகு.

மைக்கை அழுத்தினாள்.

“அப்பா, மூச்சை அடக்கிறியளோ?”

“ஓம்.” குரலில் ஒரு பெருமை. “வந்த உடனை அடக்கிப்போட்டு முக்கினால் நிண்டிடும். கொம்மா போனதிலையிருந்து இப்பிடித்தான். டொக்டர் பாவம், எவ்வளவு கஷ்டப்படுறார்.”

அம்மா போனதிலிருந்து. ஒவ்வொரு ஞாயிறும் பேசியிருந்தாள். எடித் கையை மைக்கிலிருந்து எடுத்து, மறுபடி வைத்தாள்.

“நிப்பாட்டாதேங்கோ அப்பா. அது ஓடினால்தான் எங்கையிருந்து வருதெண்டு எனக்குத் தெரியும்.”

“சும்மா விடுறதோ?”

“ஓம். துள்ளட்டும். நீங்கள் மூச்சை விட்டுக்கொண்டிருங்கோ.”

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மருந்து ஏறத் தொடங்கியது.

“கயிறு ஆரிட்டை, பிள்ளை?”

“என்னட்டை.”

துள்ளல் வந்தது. அவர் அடக்கவில்லை. கட்டிலின் ஓரத்தை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. அடியில் இருந்த கோடு தாறுமாறாக, ஆனால் நிற்காமல் ஏறி இறங்கியது. வைத்தியர் தொட்டுத் தொட்டுப் போனார். நீலம், பச்சை, மஞ்சள். வலது மேலறையின் பின்சுவரில், மிளகளவு சிவப்பு. எடித் இடத்தைச் சொன்னாள். சுட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு மருந்து ஏற்றியும் அது வரவில்லை.

பஸ்ரியன் கடலுக்குத் திரும்பினார். அடுத்து வந்த ஞாயிறுகளில் எடித் துள்ளல் வருகிறதா என்று கேட்பாள். இல்லை என்பார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் கூடச் சொன்னார்.

“முந்திப் பின்னேரத்தில வாறது. படலையில ஆரோ தட்டின மாதிரி இருக்கும். இப்ப ஒண்டுமில்லை.”

கொழும்புக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள்.

“அங்கை நான் எதுக்குள்ளை இறங்கிறது? லிப்டுக்குள்ளையோ?” என்று சிரித்தார்.

போன மாரியில் அவருக்கு டெங்கு வந்தது. எடித் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக எடுத்த இதயப் பதிவை வாங்கிப் பார்த்தாள். தாளம் ஒரு இடத்திலும் தப்பியிருக்கவில்லை.

சேமக்காலையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கக் கயிறுகளைப் போட்டார்கள். தலைமாட்டுக் கயிற்றை எடித் கேட்டாள். கோயில் மூப்பர் தயங்கினார். பெண்கள் பிடிப்பதில்லை, அது டொமினிக் பிடிக்க வேண்டிய கயிறு என்றார்.

“மாமா இல்லை. கொழும்பில நான்தான் பிடிச்சனான்” என்றாள் எடித்.

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் கொடுத்தார்.

பாரம் உள்ளங்கையை உரித்துக்கொண்டு இறங்கியது. பிறகு கயிறு தளர்ந்தது. மற்றவர்கள் தங்கள் கயிறுகளை உருவி எடுத்தார்கள். எடித் எடுக்கவில்லை. கீழிருந்து வரும் ஒரு சுண்டுக்காக, கயிற்றை விரல்களில் லேசாக வைத்துக்கொண்டு, குனிந்து நின்றாள்.

“விடு பிள்ளை” என்றார் மூப்பர்.