ஜினியாவுக்கு ஒரு வருஷம் கியாரண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கியாரண்டி'. எந்த ஃப்ரிட்ஜை ரிப்பேர் செய்தாலும், கதவைத் தட்டி மூடிவிட்டு, "ஒரு வருஷம் கியாரண்டி. நடுவுல நின்னா என்னைக் கூப்பிடுங்க" என்பார். யாரும் கூப்பிட்டதில்லை. அவர் கைபட்ட ஃப்ரிட்ஜைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் ஸ்வெட்டர் தேடுவார் என்று சொல்வார்கள். அதில் பாதியாவது உண்மை.

முழங்கால் மக்கர் பண்ணி வேலையை விட்டபின், மாடி பால்கனியில் செடி வளர்க்கப்போவதாக அறிவித்தார். பழைய வாஷிங் மெஷினின் டிரம் ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் ஓட்டை, தண்ணீர் தேங்காது. பிற்பகல் வெயில் நேரே முகத்தில் அறையும் இடம் என்பதால், வெயிலுக்கு அஞ்சாத ஜினியாப் பூ விதையாகப் பார்த்து வாங்கினார். பாக்கெட்டில் 'ஓராண்டுத் தாவரம்' என்று அச்சிட்டிருந்ததைப் படித்ததும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்திருந்த கொழுந்தியாள் சிரித்தாள். "இரும்போட குடும்பம் நடத்தினவர் நீங்க, அத்தான். உங்க கையில செடி ஒரு மாசம் தாங்குமா?"

"ஒரு வருஷம் கியாரண்டி," என்றார். "அடுத்த வருஷம் இதே நாள் வந்து பாரு. இந்த டிரம்முல பூ இல்லேன்னா, அப்புறம் என்னை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்."

பூத்தது. தெருமுனை சிக்னலே குழம்பிப்போகும் அளவுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. ஐந்தாம் மாதம் இலை பழுத்து, தண்டு காய்ந்து, டிரம் மொட்டையானது. உரம் போட்டார், நிழலுக்கு நகர்த்தினார், கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ம்ஹூம். பாக்கெட்டோடு விதைக்கடைக்குப் போய் நின்றார்.

"ஓராண்டுன்னு போட்டிருக்கு. அஞ்சு மாசத்துல போயிடுச்சு. மாத்திக் குடுங்கம்மா."

கடைக்காரம்மா சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் எதையோ தேடினாள். "ஐயா, அது கியாரண்டி இல்ல. ஒரே பருவத்துல முளைச்சு, பூத்து, விதை விட்டுக் கிளம்பிடும்னு அர்த்தம். காஞ்ச பூவைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல, அப்படியே நிக்குது."

"அப்ப உங்க செடி அதுக்குள்ளதான் இருக்கு."

வீட்டுக்கு வந்து காய்ந்த பூக்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். அம்பு முனைபோல விதைகள் உதிர்ந்தன.

"விட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி. "என் தங்கச்சி விளையாட்டுக்குத்தானே கேட்டா?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லலையே."

அதன்பின் ஒரு கூட்டம் செடி பூக்கும்போதே அடுத்த கூட்டத்துக்கான விதையை, ஓட்டை போட்ட ஃப்ரிட்ஜ் ஐஸ் தட்டில் முளைக்க வைத்தார். வாடிய பூவை உடனே கிள்ளிவிட்டால் செடி விதைக்கு அவசரப்படாமல் இன்னும் மொட்டு விடும் என்று கண்டுகொண்டார். கடைசியாக வந்த கொழுத்த பூக்களை மட்டும் விதைக்கென்று தொடாமல் விட்டார்.

சொன்ன நாளில் கொழுந்தியாள் வந்தாள். டிரம் நிறையப் பூ. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அதே செடியா அத்தான்? கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

மனைவி கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"நடுவுல நின்னுபோச்சு," என்றார் அவர், மீசையை ஒதுக்கியபடி. "பார்ட்ஸ் மாத்தினேன். எல்லாம் அதே செடியோட ஒரிஜினல் பார்ட்ஸ்."

கொழுந்தியாள் ஒரு பூவைப் பறிக்கலாமா என்று தயங்கிக் கையை நீட்டினாள்.

"கிள்ளும்மா, கிள்ளு," என்றார் கியாரண்டி. "கிள்ளினாதான் இன்னும் வரும்."