கிலோ அக்காவின் எடை

ஒன்பது பேர் ஏறுகிற விமானத்துக்கு டிக்கெட் மட்டும் இருந்தால் போதாது. எடையும் ஒத்துவர வேண்டும். தீவுக்குப் போகிற அந்தக் குட்டி விமானத்துக்கு ஆளையும் பையையும் நிறுத்து எழுதுகிற வேலை கிலோ அக்காவுடையது. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். நம் எடை தெரிந்தவளிடம் மரியாதையாக இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

தராசின் முள் இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, நடுவே தன் நாற்காலியைப் போட்டிருப்பாள். ஏறி நிற்பவருக்குத் தெரிவது அவள் முகம் மட்டும்தான். பார்ப்பாள், எழுதுவாள், "சரி, இறங்குங்க" என்பாள். எண் வாயில் வராது. மற்றபடி அவள் ஒன்றும் ஊமைச்சி இல்லை. ஊர்க்கதை என்றால் கையில் இருக்கிற வேலையைக் கீழே போட்டுவிட்டுப் பேசுவாள். எடை விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டு. எதிர்வீட்டு டெய்லரம்மா எத்தனை கிலோ என்று கிலோ அக்காவின் புருஷனே எத்தனையோ தடவை கொக்கி போட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. சிலர் ஏறும்முன் வளையலைக் கழற்றுவார்கள், ஒரு கான்ட்ராக்டர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சைப் பிடித்தால் எடை குறையுமா என்று அவரிடம் அவள் கேட்டதே இல்லை.

ஆனால் மொத்தம் ஒரு கிலோ கூடினாலும் விடமாட்டாள். நிறுத்தாள் என்பதற்கும் நிறுத்தினாள் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்தனாரை அப்படித்தான் நிறுத்தினாள். ஐந்து கிலோ அதிகம். சாமான் பையை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். கரணை இல்லாத கொத்தனார் அங்கே போய்க் கை கட்டி நிற்கவா என்று அவர் மறுத்துவிட்டு, இடம் இருக்கிற அடுத்த விமானத்துக்காக இரண்டு நாள் காத்துக் கிடந்தார். அன்று முதல் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. மாதம் ஒருமுறை வருவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுவார், இறங்குவார்.

இத்தனை பேரை அனுப்பியவள் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. தீவு முப்பத்தைந்து நிமிஷ தூரம். அங்கேதான் அவள் தங்கை இருக்கிறாள், வானிலை ஆபீஸில் வேலை பார்க்கும் கணவனோடு. வாயேன் வாயேன் என்று தங்கை நாலு வருஷமாகக் கூப்பிடுகிறாள். லீவு கிடைக்கவில்லை என்பாள் இவள். உண்மையில் பயம், விமானம் என்றாலும் படகு என்றாலும்.

அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. தலை வாரியது, பள்ளிக்கு அனுப்பியது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் இவள்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கை உண்டானபோது, பயத்தையெல்லாம் விழுங்கிவிட்டு வாக்குக் கொடுத்தாள்: "வலி எடுக்கும்போது உன் பக்கத்துல நான் இருப்பேன்." பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ப லீவும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

பிள்ளைக்கு என்ன அவசரமோ, அதற்குள் ஒருநாள் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. தங்கை கணவர் போனில் இரண்டு செய்தி சொன்னார். ஒன்று அது. இன்னொன்று, மத்தியானத்திலிருந்து பெருங்காற்று. மூன்று நாளைக்கு விமானமும் இல்லை, படகும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் "வரலாம், வராமலும் போகலாம்" என்கிற மனிதர் அன்றைக்கு அடித்துச் சொன்னார். பிறகு தங்கை போனை வாங்கினாள். "அக்கா, நீ வந்துடுவேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

காலை விமானத்தில் எட்டுப் பேர். ஒரு இடம் காலி. எல்லோரையும் பைகளோடு நிறுத்த பிறகு எழுபத்தொரு கிலோ மிச்சம் இருந்தது. தான் அறுபத்திரண்டு, குழந்தைத் துணி தைத்து அடுக்கிய பை எட்டு, ஆக எழுபது. ஒரு கிலோ மிச்சமே இருக்கிறது என்று மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு டிக்கெட் எழுதினாள்.

தன்னையும் நிறுக்க வேண்டும், அதுதான் விதி. சாமான் ஏற்றுகிற லோடர் அண்ணனைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பையைக் கீழே வைத்து, முதலில் தான் மட்டும் ஏறினாள். லோடர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். அவர் ரகசியம் சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். "எழுபத்தெட்டு," என்று கிசுகிசுத்தார். அறை முழுக்கக் கேட்டது.

அறுபத்திரண்டு என்பது அவள் வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் எழுதிய எடை. பத்தொன்பது வருஷம் ஊரையே நிறுத்தவள், தன்னை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம் தவறினாலும் சாப்பாடு தவறாத உடம்பு. அது மட்டும் அப்படியேவா இருக்கும்?

பையை விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள். அப்படியும் ஏழு கிலோ அதிகம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எண் வெளியே வந்த வெட்கம் ஒரு பக்கம், போனில் கேட்ட அந்தக் குரல் ஒரு பக்கம். முதலில் டிக்கெட் எடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஒருவருக்காக இன்னொருவர் சாமானை இறக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்டதில்லை. தனக்காக மட்டும் எப்படிக் கேட்பது? தராசை விட்டு இறங்கி, தன் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். "பைலட்கிட்ட எட்டுப் பேர்னு சொல்லிடுங்கண்ணே," என்றாள்.

தங்கைக்கு வலி எடுத்த செய்தி லோடர் வாயால் ஏற்கெனவே அறை முழுக்கப் பரவியிருந்தது. முதலில் தீவுப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுந்து, திருத்திய பரீட்சைத் தாள் கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். தோற்ற பிள்ளைகள் இன்னும் மூன்று நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றார். இரண்டு கிலோ. ஒரு பெரியவர் மகளுக்காகக் கொண்டுபோன பூசணிக்காயைத் தூக்கி வைத்தார். மூன்று கிலோ. இன்னும் இரண்டு வேண்டும். மற்றவர்கள் தங்கள் பைகளைத் துழாவினார்கள். சீப்பும் சோப்பும்தான் வந்தன.

கடைசி வரிசையிலிருந்து கொத்தனார் எழுந்து வந்தார். தராசின்மேல் சாமான் பையை ணங்கென்று வைத்தார். ஒன்பது கிலோ. கரணை இல்லாமல் மூன்று நாள் என்ன செய்வார் என்று அவள் கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சும்மாதான் உக்காந்திருப்பேன்," என்றார் கொத்தனார். "அன்னைக்கே ரெண்டு நாள் உக்கார வச்சுப் பழக்கிட்டீங்களே." சிரிக்காமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த அவள் டிக்கெட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

அவள் அழுதுகொண்டே கணக்குப் போட்டாள். கொத்தனாரின் ஒன்பது கிலோவே போதும், இரண்டு மீதி. டீச்சரின் தாளையும் பெரியவரின் காயையும் சேர்த்தால் மீதி ஏழு. டீச்சர் தாளைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார், திருத்தியவருக்கும் ஓய்வு வேண்டுமாம். பெரியவர் மட்டும் காயைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த நாலு கிலோவுக்குக் குழந்தைத் துணியில் பாதியை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டாள்.

விமானம் எழும்பியபோது கண்ணை மூடியவள், கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டாள். யார் எத்தனை கிலோ, எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பயணி அவள் ஒருத்திதான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

தங்கை கணவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் தங்கை அவள் கையைப் பிடித்தவள்தான், ஒன்றரை மணி நேரம் விடவில்லை. வெளியே காற்று ஜன்னலை உலுக்க ஆரம்பித்தபோது குழந்தை பிறந்தது. நர்ஸ் அதைச் சின்னத் தராசில் கிடத்தினார். முள் நிற்கும்வரை பெரியம்மாக்காரி பக்கத்திலிருந்து நகரவில்லை.

பிறகு வராந்தாவுக்கு வந்து விமான நிலையத்துக்குப் போன் போட்டாள். லோடர் எடுத்தார். மாலை விமானம் ரத்தாகி, அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். என்ன ஆச்சு என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"பொண்ணுண்ணே," என்றாள். "ரெண்டு கிலோ எழுநூறு."

லோடர் தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, "எடையைச் சொல்லலாமா அக்கா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் கிலோ அக்கா. "ரோட்டுல போறவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."