பெற்றுக்கொண்டவர் பெயர் அனி

போன வருடம் தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, செம்பனைக் காட்டை அழித்துக் கட்டிய தாமான் ஒன்றில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், எங்கள் வீடு. ஊருக்குப் புதுப்பெயர் வைத்துப் பல காலம் ஆகிவிட்டது. கடிதம் எழுதினால் புதுப்பெயர் போடுவேன், பேசினால் பழைய பெயர்தான் வாயில் வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை தருகிற ஆள். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, மனு பார்க்கும் எழுத்தராக, இருந்தவன். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த இணைப்பு இல்லாவிட்டால் அது திரும்பி வரும் என்பதெல்லாம் ஓய்வுபெற்ற பிறகும் மனப்பாடமாக இருக்கிறது. யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி இணையத்தில் பொருள் வாங்குவாள். வாரத்துக்கு இரண்டு, மூன்று பார்சல் வரும். கைப்பேசியின் முதுகில் ஒட்டுகிற மோதிரம், கழுத்தில் மாட்டுகிற கயிறு, ஒயரைச் சுருட்டி வைக்கிற கிளிப், சமையல் பார்த்துக்கொண்டே சமைப்பதற்காகக் கைப்பேசியை நிறுத்தி வைக்கும் தாங்கி. ஒரு கைப்பேசிக்கு இத்தனை நகை நட்டா என்று நான் கேட்பேன். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு குத்தல் பேச்சு வைத்திருந்தேன். அவள் கத்திரிக்கோலை எடுத்து வந்து பிரிப்பாள்.

கண்புரை அறுவை முடிந்த பிறகு எனக்குச் சின்ன எழுத்து படிப்பது சிரமமாகிவிட்டது. புத்தகம் படிப்பதற்கென்றே இருக்கும் இ-ரீடரில் எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம், வெளிச்சம் கண்ணை உறுத்தாது என்று படித்தேன். வாங்க ஆசை வந்தது. ஆனால் அத்தனை காலம் பேசிய பேச்சுக்குப் பிறகு, என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தால் அவள் சிரிப்பாள். அதை நினைத்தே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

அப்போது புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் எங்கள் மகள் வீடு மாறினாள். உதவிக்காக மனைவி பத்து நாள் அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு. புதன்கிழமை கிளம்புகிறாள். வியாழக்கிழமைக்கு மேல்தான் பார்சல் வரும் என்று தெரிந்த பிறகே இ-ரீடருக்கு ஆர்டர் போட்டேன். இப்படி நாள் கணக்குப் பார்த்துக் காரியம் செய்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்தப் புதன்கிழமை காலையில் எனக்குக் கோல சிலாங்கூரில் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். மதியம் திரும்பியபோது மருமகன் வந்து மனைவியை அழைத்துப் போயிருந்தார். மேசையில் ரசமும் பொரியலும் மூடி வைத்திருந்தாள்.

வியாழன் போனது. வெள்ளி போனது. கைப்பேசியின் அறிவிப்பு மணிகள் எனக்குப் பிடிக்காது, எல்லாவற்றையும் அணைத்து வைத்திருப்பேன். சனிக்கிழமை காலை நானே ஆப்பைத் திறந்து பார்த்தேன். பார்சல் புதன்கிழமை பத்தே முக்காலுக்கே ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று போட்டிருந்தது. சாட்சிக்கு ஒரு படம். அதில் பார்சலும் ஒரு கட்டைவிரலும் மட்டும் தெரிந்தன. கீழே, பெற்றுக்கொண்டவர் பெயர்: அனி. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, ஏ, என், ஐ.

எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. ஆனால் எதிர்வீட்டில் இருந்தார். குவே என்கிற மலாய்ப் பலகாரம் செய்து நெகிழிப் பெட்டியில் போட்டு விற்கும் மலாய்க்காரப் பெண்மணி. தெருவே அவரைக் ‘காக் அனி’, அதாவது அனி அக்கா, என்றுதான் கூப்பிடும். எனக்கு வேறு என்ன வேண்டும்? போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த மரியாதை எப்படிப்பட்டதென்று அலுவலகத்தில் என் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அப்படி எதுவும் வரவில்லை என்றார். ஒருவேளை மறந்து வாங்கி வைத்திருக்கலாம் இல்லையா என்று மறுபடி கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, முன் அறையை ஒட்டியிருந்த சாமான் அறைக் கதவைத் திறந்து, நீங்களே பாருங்கள் என்றார். மாவு மூட்டைகளும் பெட்டிகளும் இருந்தன. பார்க்காமல் திரும்பியிருக்கலாம். நான் எட்டிப் பார்த்தேன்.

அன்றே புகார் எழுதினேன். நான்கு இணைப்புகள் வைத்தேன். இந்த முகவரியில் அந்தப் பெயரில் எவரும் வசிக்கவில்லை. அந்தப் பெயருள்ள அண்டைவீட்டுக்காரரும் பெறவில்லை என்று மறுக்கிறார். படத்தில் வாசலோ வீட்டு எண்ணோ இல்லை. பொருளை ஒப்படைத்தவர் விதிமுறையைப் பின்பற்றவில்லை. ஒரு எழுத்து அதிகமில்லை, ஒரு எழுத்து குறைவில்லை. செவ்வாய்க்கிழமையே என் பக்கம் தீர்ப்பு வந்து பணமும் திரும்பிவிட்டது. எனக்கு மிகுந்த திருப்தி. பணத்தைவிட, என் எழுத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதில்.

புதன்கிழமை காலை வாசலில் ஹாரன் சத்தம். எங்கள் பகுதிக்குப் பார்சல் கொண்டுவரும் பெண். முப்பது வயதிருக்கும், பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவள். பழைய மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள் தொங்கும். அன்று பைகள் காலியாக இருந்தன. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“அண்ணி இருக்காங்களா சார்?”

“எந்த அண்ணி?”

“என்னா சார், எந்த அண்ணின்னு கேக்கறீங்க? அண்ணிதான்.”

“எனக்கு ஒரே ஒரு அண்ணி. பினாங்குல இருக்காங்க. எழுபத்தெட்டு வயசு. அவங்க எதுக்கு உனக்கு?”

ஹெல்மெட்டைக் கழற்றினாள். சார்ஜ் ஏறாத கைப்பேசியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“ஐயோ, உங்க வைஃப் லா சார்! அவங்கள கூப்பிடுங்க, அவங்களே சொல்லுவாங்க. பார்சல அவங்க கையிலதானே குடுத்தேன்? பேரும் போட்டேனே.”

“என்ன பேரம்மா போட்டே?”

“அண்ணின்னு. அவங்க நெசப் பேரு எனக்கு எங்க தெரியும்? ரெண்டு வருசமா அண்ணி அண்ணின்னுதான் கூப்பிடுறேன். ஆப் தமிழ் எடுக்காது. மழை வேற. ஒரு கையால ஏ, என், ஐன்னு தட்டிட்டுப் போயிட்டேன்.”

“அண்ணிக்கு ரெண்டு என் போடணும்.”

“ரெண்டு என் போட்டிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்குமா சார்?”

புரிந்திருக்காது. யாரோ ஒரு வெள்ளைக்காரியைத் தேடியிருப்பேன். எங்கள் பக்கத்தில் பலசரக்குக் கடைக்காரர் முதல் மீன் லோரிக்காரர் வரை என் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் சொல் அது. எழுத்தில் பார்த்ததும் அது எனக்கு அந்நியப் பெயராகிவிட்டது.

அவள் தன் பிரச்சினையைச் சொன்னாள். அவள் மேல் இது மூன்றாவது புகாராம். முதல் இரண்டும் மழையில் பெட்டி நனைந்தது. மூன்று ஆனால் வழித்தடத்தைப் பிடுங்கிவிடுவார்கள். புகார் தவறு என்று காட்ட வெள்ளிக்கிழமை வரை அவகாசம், அதுவரை வேலை இல்லை. அதற்குப் பிறகு இந்தத் தாமானும் சுற்றியுள்ள தோட்டங்களும் வேறு ஆளுக்கு. பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளியில் விட்டுவிட்டு வரவும், மதியம் கூட்டிப்போகவும் இந்த வழித்தடம்தான் அவளுக்குத் தோதாக இருந்தது. அழவில்லை. பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மனைவிக்கு அழைத்தேன். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போடும்படி அந்தப் பெண் சைகை காட்டினாள். வேறு வழியில்லை, போட்டேன்.

“அந்தக் கறுப்பு சிலேட்டா? அது உங்களோடதா?” என்றாள் மனைவி. “மகளுக்கு வாங்கின சாமானோட சேத்துப் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். இங்க வந்து பிரிச்சா இது இருக்கு. கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான்னு ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கோம்.”

“மேல என் பேர் இருந்திருக்குமே.”

“நீங்கதான் எதுவுமே வாங்க மாட்டீங்களே. உங்க பேர் இருக்குதான்னு நான் எதுக்குப் பாக்கப்போறேன்?”

பிறகு, நான் இரண்டு மாதம் பயந்த அந்தச் சிரிப்பு வந்தது. பின்னால் மகளும் சேர்ந்துகொண்டாள். நான் பயந்த அளவுக்கு அது பெரிய சிரிப்பு இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது.

புகாரைத் திரும்பப் பெற உட்கார்ந்தேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். புகார் கொடுக்க ஆறு பொத்தான்கள் இருந்தன, திரும்பப் பெற ஒன்றுகூட இல்லை. உதவிப் பகுதியில் ஒரு இயந்திரம் பேசியது. பொருள் கிடைத்துவிட்டது என்று எழுதினேன். மகிழ்ச்சி என்றது. புகார் தவறு என்று எழுதினேன். புதுப் புகார் பதிய விருப்பமா என்றது. கடைசியில் தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

மறுநாள் காலை கூரியர் கிடங்குக்கு நேரில் போனேன். கடைவீட்டின் கீழ்த்தளம், தரையெல்லாம் பார்சல். மேற்பார்வையாளர் ஒரு மலாய் இளைஞர், மிகவும் பண்பானவர். அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, முடிந்த கேஸைத் தன்னால் திறக்க முடியாது, தலைமையகம்தான் செய்ய வேண்டும், அதற்கென்று தனிப் படிவம் எதுவும் இல்லை என்றார். குரலை உயர்த்தவில்லை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவுமில்லை. அந்தத் தொனியை நான் நன்றாக அறிவேன். முப்பத்து நான்கு வருடம் அதை நானே உபயோகித்திருக்கிறேன். எதிரே நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினேன். பொருள் என் மனைவியின் கையில் முறையாகக் கொடுக்கப்பட்டது. அண்ணி என்பது அவரைக் குறிக்கும் சொல். நான் வீட்டில் விசாரிக்காமல் புகார் கொடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சம்மதம். இணைப்பு எதுவும் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். அந்த இளைஞர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தலைமையகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவ்வளவுதான் நடைமுறை என்றார்.

எதிர்வீட்டுக்கும் போனேன். அண்ணி என்றால் என்ன என்று மலாயில் விளக்கினேன். காக் அனி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை நாளாக இந்தத் தெருத் தமிழர்கள் எல்லாருக்கும் தான் அண்ணியா என்றார். மன்னிப்பு கேட்டேன். பரவாயில்லை என்றார். சாமான் அறையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தலைமையகத்தின் பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. அந்தப் பெண் மேலிருந்த மூன்றாவது புகார் நீக்கப்பட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையே வழித்தடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லையாதலால் அவரிடமிருந்து பிடுங்க முடியாதாம். விதி சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். அவளுக்குப் புக்கிட் பெருந்துங் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். கெர்லிங் பக்கத்து வழித்தடம்.

மகள் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிறு, அங்கே பெட்ரோல் நிலையத்தில் அவளைப் பார்த்தோம். அன்றும் அவள் வண்டியில் பார்சல் இருந்தது. என் மனைவி காரிலிருந்து இறங்கி ஓடினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பிள்ளைகளை இப்போது யார் பள்ளியில் விடுகிறார்கள் என்று மனைவி கேட்டாள். பக்கத்து வீட்டு வேன் என்றாள். தான் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் அவர்கள் பள்ளிக்குப் போவதைப் பார்ப்பதில்லையாம். நான் பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரம் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். “போக வர எழுபது கிலோமீட்டர் சார். பழகிடுச்சு,” என்றாள்.

இ-ரீடர் நன்றாக வேலை செய்கிறது. எழுத்து பெரிதாகத் தெரிகிறது, கண் வலிப்பதில்லை. ஆனால் காலையில் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக ஒரு பெண் இந்நேரம் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பாள் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது, படிப்பு அதற்குப் பிறகுதான்.