‘அன்ஃபிட்’ என்று மட்டும் சொன்ன டாக்டருக்கு

சவுதியில், ஜுபைலில் என் கணவரின் இரத்தத்தைச் சோதித்த டாக்டரே, உங்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் சொல்லவில்லை. அதனால் எனக்கும் என் மகளுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது.

மொழி தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தப்பிக்க முடியாது. நீங்களும் தமிழர். விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தவரிடம், “அன்ஃபிட் தம்பி. ஊருக்குப் போய் உடம்பப் பாத்துக்கங்க” என்றீர்கள். எதற்கு அன்ஃபிட் என்று அவர் கேட்டார். “அத கம்பெனிக்குத்தான் சொல்லணும்” என்றீர்கள். கம்பெனி ஆள் “கலாஸ், முடிஞ்சுது, போ” என்று விமானம் ஏற்றிவிட்டார்.

வளைகுடாவுக்குப் போகும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஆண்களுக்கு அன்ஃபிட் என்றால் ஒரே அர்த்தம்தான். ‘ஸ்பாட்’ (நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும் புள்ளி, பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம்). ஏஜெண்டும் அதையே சொன்னார். “ஸ்பாட்டுதான் தம்பி. சிகரெட்ட விடு. நாட்டுக்கோழி முட்டை, ஆட்டுக்கால் சூப்புன்னு நல்லா சாப்பிடு. அடுத்த வருசம் கத்தார் பாக்கலாம்.”

நான் அவித்துக் கொடுத்தேன், காய்ச்சிக் கொடுத்தேன். அவர் ஒரு சுற்று பெருத்தார். “உன் ஆட்டுக்கால் சூப்புக்கு அண்ணன் மெடிக்கல் என்ன, மிலிட்டரிக்கே பாஸாயிரும்” என்று நாத்தனார் கிண்டல் செய்தாள். நாங்கள் கணவன் மனைவியாகத்தான் வாழ்ந்தோம். மகள் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதும் போய்விட்டது. கிருமி உடம்பில் புதிதாக நுழையும்போது சிலருக்கு இப்படி வரும் என்று இப்போது தெரியும். அப்போது சொல்ல ஆள் இல்லை.

அவருக்கு விசா கிடைக்காததால் நான் துபாய்க்கு கிளீனிங் வேலைக்குப் போனேன். மகளுக்குப் பால் மறக்கடித்தது கிளம்பும் வாரத்தில்தான்.

துபாயில் இறங்கியதும் எல்லோருக்கும் போல எனக்கும் மெடிக்கல் எடுத்தார்கள். என்னை மட்டும் மறுபடி கூப்பிட்டு இரத்தம் எடுத்தார்கள். அடுத்து சோனாப்பூர் லேபர் கேம்ப் ரூமுக்கு சூப்பர்வைசர் வந்து பெட்டியை எடுக்கச் சொன்னார். கூட இருந்த பெண்கள் கட்டிலோடு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு ஆஸ்பத்திரி அறையில் விட்டு, போனை வாங்கிக்கொண்டு, வெளியே பூட்டினார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மலையாள நர்ஸிடம் கேட்டேன்.

“சிஸ்டர், எனக்கும் ஸ்பாட்டா?”

“ஸ்பாட் ஒண்ணும் இல்ல. நாட்டுல குழந்தை இருக்கா?”

“ஒரு பொண்ணு. ஒன்றரை வயசு.”

“பால் கொடுத்தீங்களா?”

“இங்க வர்ற வரைக்கும்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “சேச்சி, எச்.ஐ.வி. நான் சொல்லக் கூடாது, சொன்னா என் டூட்டி போயிரும். ஆனா குழந்தைய டெஸ்ட் பண்ணணும். பால் வழியாவும் போகும். சீக்கிரம் மருந்து தொடங்கினா நல்லா வளரும்.” தன் போனை நீட்டினார். “சீக்கிரம் பேசுங்க.”

கணவரை அழைத்தேன். “என்னங்க, பாப்பாவத் தூக்கிக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

“ஏன், நல்லாத்தானே விளையாடுறா?”

“உங்க நெஞ்சுல ஸ்பாட்டு இல்லைங்க. ரத்தத்துல இருக்கு. எனக்கும் வந்திருக்கு.”

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. “நீ வந்துரு, சேந்து போவோம்” என்றார். பயம்.

என்னை ஊருக்கு அனுப்பினார்கள். இனி அந்த நாட்டுக்குள் நான் போக முடியாது. வீட்டு வாசலில் மாமியார் சொன்ன முதல் பேச்சு, “போன சூட்டுலயே எவன்கிட்டயோ வாங்கியாந்துட்டா.” கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “வாயத் தொறந்து சொல்லுங்க” என்றேன். ஊரே பார்க்க நான் அப்படிக் கேட்ட பிறகுதான் சொன்னார். ஜுபைலுக்குத் திரும்பிய ஒரு தடவை மும்பையில் தங்கி, ஒரு பெண்ணிடம் போயிருக்கிறார். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்தபோது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) மூன்று பேரும் இரத்தம் கொடுத்தோம். மூன்று பேருக்கும் இருந்தது. மகளின் முடிவைச் சொன்ன ஆலோசகர் அம்மா என் கையை விடவில்லை. “உங்க தப்பு இல்லம்மா” என்றார். தப்பு யாருடையது என்று நான் கேட்டேன்.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலரும் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். ஒருத்திக்கு வீட்டில் தனித் தட்டு. ஒருத்தியைத் தாலி கட்டியவனே துரத்திவிட்டான். ஆணுக்கு வந்தால் நோய், பெண்ணுக்கு வந்தால் நடத்தை.

கூட்டு மருந்து (கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை) தொடங்கினோம். முதலில் தலைசுற்றலும் கெட்ட கனவுகளும் இருந்தன. பிறகு பழகியது. இப்போது என் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படியே இருக்கும்வரை உடலுறவால் இன்னொருவருக்குப் பரவாது. இதைப் படிக்கும் பெண்களே, வெளிநாட்டிலிருந்து கணவர் அன்ஃபிட் என்று திரும்பினால், சூப்பு வைக்கும் முன் இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என் உடம்பு வலிப்பதில்லை. ஆனால் அது எனக்குப் பழைய மாதிரி சொந்தமில்லை. ஒரு தும்மல் வந்தாலும் ஏன் என்று அதை விசாரிக்கிறேன். மகளின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். அவள் எடை கூடும்போது மருந்தின் அளவும் கூடுகிறது. எங்கள் வீட்டில் காலம் அப்படித்தான் நகர்கிறது. “எதுக்கும்மா தினமும்?” என்று இப்போதே கேட்கிறாள். ஒருநாள் முழுதாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் வளைகுடாத் தமிழர் விழா மேடைகளில் உடல்நலம் பற்றிப் பேசுகிறீர்கள். வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோவில் என் கணவர் உங்களை அடையாளம் காட்டினார். ‘குடும்பத்துக்காக உங்கள் உடலைக் கவனியுங்கள்’ என்கிறீர்கள், கைதட்டுகிறார்கள். சட்டம் சொல்லவிடவில்லை என்றால் எந்தச் சட்டம் என்று சொல்லுங்கள். கம்பெனி தடுத்தது என்றால் அதைச் சொல்லுங்கள். எனக்குத் தனியாக போன் செய்து வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அடுத்த மேடையில், மைக்கைப் பிடித்து, அந்தத் தொழிலாளர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை ஆண்களைக் காரணம் சொல்லாமல் அவர்கள் மனைவிகளிடம் அனுப்பினீர்கள்?