தங்கம்மா அக்காவும் காய்ச்சல் கண்ட பெட்டியும்

லுணுகலையிலிருந்து தம்பி அழைத்தபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். "அக்கா, நம்ம தங்கம்மா அக்கா காலையில போயிட்டாங்க" என்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். முதல் முறையே கேட்டிருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவர்தான் ஆயம்மா. இதைப் படிக்கும் தோட்டத்தாரே, உங்களில் பாதிப் பேரை அவர் தொட்டிலில் ஆட்டியிருப்பார், மீதிப் பேரைத் திட்டியிருப்பார். எனக்கு இரண்டும் கிடைத்தன.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிஷ்ஷும் ரிசீவரும் வாங்கினோம். பண்டாரவளையில் யாரோ பாவித்துக் கழித்தவை. ரிசீவர் அக்கா வீட்டில் இருந்தது; அங்கிருந்து வீட்டுக்கு வீடு வயர் ஓடியது. அக்கா வைக்கும் சேனல்தான் லயம் முழுவதற்கும். அவர் அழுகிற சீரியல் பார்த்தால் நாங்கள் எல்லோரும் அழுதாக வேண்டும்.

பனிக்காலம் வந்ததும் அக்கா செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. காலமெல்லாம் குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பாற்றியே பழகியவர் அல்லவா? ரிசீவருக்கும் கம்பளி நூலில் ஓர் உறை பின்னிப் போர்த்திவிட்டார். போதாதென்று அடுப்புக்குப் பக்கத்துப் பலகைக்கு அதை இடம் மாற்றினார். கொஞ்ச நாளிலேயே படம் நின்று நின்று வரத் தொடங்கியது. பதுளைக் கடைத்தெருவில் டீவி திருத்துகிறவரிடம் உறையோடு கொண்டுபோனோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, குளிரு இத ஒன்னும் செய்யாது. சூடுதான் இதுக்கு எமன். நாலு பக்கமும் காத்து வாங்கட்டும், விடுங்க" என்றார்.

அன்றோடு கம்பளி போயிற்று. அடுப்பிலிருந்து தள்ளி, டீவிக்குப் பின்னால், கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டைகளின் மேல் பெட்டி ஏறிக்கொண்டது. அக்கா அடிக்கடி புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பார், குழந்தையின் நெற்றியைத் தொடுவது போலவே. "லேசா காயுது. செத்த நேரம் கெடக்கட்டும்" என்று சுவிட்சை அணைத்துவிடுவார். லயமே கூச்சல் போடும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அப்போது என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். இளவயதிலேயே வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டவர். இனிக் கடல் தாண்டிப் போக வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த வருடக் கொடியேற்றத்தை டீவியில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, "அதயாவது பாத்துட்டுக் கண்ண மூடிருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதே நாளில் கிரிக்கெட்டும் வந்து சேர்ந்தது. பையன்கள் காலையிலிருந்தே பெட்டியை ஓடவிட்டிருந்தார்கள். மத்தியானம் தாண்டியதும் படம் திக்கத் தொடங்கியது. ஆட்டம் முடியும் தறுவாயில் அக்கா சுவிட்சை அணைத்துவிட்டு வாசலை மறித்து நின்றார்.

"அக்கா, இன்னும் கொஞ்சந்தான்! போடுங்க!"

"காய்ச்சக்காரப் புள்ளய வேலக்கி அனுப்புவீங்களாடா? சாயங்காலம் அண்ணன் கொடி பாக்கணும். அதுவரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது."

ஒருவன், இனி இந்த வீட்டு வாசலையே மிதிக்க மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான். அக்கா அசையவில்லை.

வயர் வழியாக எங்கள் வீட்டுக்கு வரும் படம் எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். அதனால் சாயங்காலம் அப்பாவை நாற்காலியோடு தூக்கி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். கோபித்துக்கொண்டு போனவனும் வந்து ஒரு பக்கம் பிடித்தான். கொடியைப் பவனியாகக் கொண்டுவரும்போதே படம் ஒரு தடவை நின்றது. அக்கா அரிசி புடைக்கும் சுளகை எடுத்துக்கொண்டு டீவிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்து, பெட்டிக்கு விசிறத் தொடங்கினார். கொடி உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவர் கை ஓயவில்லை. படமும் நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் திரும்பியபோது அப்பா கண்ணைத் துடைத்து முடித்து, தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கொடியப் பாக்கவே இல்லியே அக்கா" என்றேன்.

"எனக்கெதுக்குப் புள்ள கொடி? எதுத்தாப்புல ஒங்கப்பா மொகம் இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அந்த வருடம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த முகத்தைப் பற்றி அக்காவிடம் கேட்பேன். "வாயத் தொறந்துக்கிட்டு, சின்னப் புள்ளயாட்டம் இருந்தாரு புள்ள. வலின்னு ஒன்னு இருந்த மாதிரியே தெரியல" என்பார். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல், அப்போதுதான் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பக்கத்தில் நின்றும் நான் பார்க்கவில்லை.

இனிக் கேட்க ஆளில்லை. அவர் சொல்லித் தந்த அப்பாவின் முகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அக்காவின் குரல்தான் முதலில் கேட்கிறது.