சாமான் வைக்கும் அறை

கணவனைப் பறிகொடுத்த ஆண்டிலிருந்து தையற்காரி ஏறி இறங்கிய வாசற்படிகள் பல. வாடகையைக் காட்டி அவளை மறுத்தவர் எவருமிலர். வீட்டில் எத்தனை பேர் என்ற வினாவுக்கு, தானும் மகளும் படுத்த படுக்கையான மாமனாரும் என்று அவள் மெய்யுரைத்த அளவிலே கேட்டவர் முகம் சுருங்கும். சாவு விழக்கூடும் என்று தெரிந்தே எவர் வீட்டைக் கொடுப்பர்? ஆறு வீடுகள் அவ்வாறே கைநழுவின. ஏழாம் வீட்டில், "ரெண்டு பேருங்க" என்றாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். சாவியைக் கொடுக்கையில் ஒன்று சொன்னார்: "உள்ளறையில சாமான் மட்டும் போட்டுக்கம்மா. ஆள் படுக்க வேணாம்."

ஏன் என்ற சொல் அவள் நாநுனிவரை வந்தது. கேட்டால், படுப்பதற்கு ஆளிருப்பது வெளிப்பட்டுவிடும். விழுங்கிக்கொண்டாள். புதுச்சுண்ணாம்பு மணக்கும் சுவர் அழுக்காகும் என்று அஞ்சுகிறார் போலும் எனத் தானே ஒரு விடையும் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளொன்றில் மாமனாரைக் கொண்டுவந்து அவ்வறையிலேயே கட்டிலிட்டாள். வாசலிலிருந்து பார்த்தால் கண்ணிற்படாத இடம் அது ஒன்றே. உடல் முடங்கியும் கிழவருக்கு வாய் முடங்கவில்லை. "சாமான் போடுற அறைதானேம்மா? எனக்குப் பொருத்தமான இடந்தான்" என்று சிரித்தார். வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் அவள் கதவைச் சாத்துவாள். கிழவர் இருமலை அடக்கிக்கொள்வார். முந்திய ஆண்டு அவ்வறையின் கூரை பெயர்ந்து முன்குடியிருந்தவரின் பெட்டிகளை நசுக்கியதும், பின்னர் மேலே பூசி வெள்ளையடித்ததும் அக்குடும்பத்து மூவருள் எவரும் அறியார்.

அடைமழையின் நான்காம் நாள், முற்பகல். அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூட்டை சரிந்தாற்போல் ஓரோசை. ஓடிப் பார்த்தபோது கட்டிலின் தலைமாட்டில் பாதிக் கூரை கிடந்தது. கிழவரிடம் மூச்சில்லை.

வீட்டுக்காரர் குடையின்றி ஓடிவந்தார்; கட்டிலைக் கண்டு நின்றுவிட்டார்.

"ஆள் படுக்க வேணாம்னு சொன்னேனேம்மா."

"ஏன்னு சொல்லலையேங்க."

"சொன்னா யாரும்மா குடிவருவாங்க?"

வாசல்தோறும் அவள் கற்றதும் அதுவன்றி வேறில்லை.

மகள் சீப்பை எடுத்துவந்து, தாத்தாவின் நரைமுடியில் படிந்த காறையை மெல்லச் சீவி நீக்கத் தொடங்கினாள். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"பாப்பாவை வெளிய கூப்பிடும்மா" என்றார். "மீதியும் விழும்."